தொமகிச்சி குடிபெயர்ந்த விவகாரம்

"வெள்ளிக்கிழமை வரைக்கும் முப்பத்தோராயிரத்து இருநூத்தி எட்டு. இன்னிக்கு ஏழு. யாரு போய்ச் சேர்ந்தாங்க?"

மிசுகிதா நகராட்சி அலுவலகம் திறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்றாம் எண் கவுன்ட்டருக்கு முன்னால் நின்று இப்படிக் கேட்டவர் உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் ஹச்சியா. வாசல் கூடத்தில் தொங்கும் மக்கள்தொகைப் பலகையைத் தினமும் பார்த்துவிட்டுப் போவது அவர் வழக்கம். மிசுகிதாவில் அதைவிடப் பெரிய செய்தி அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

"யாரும் சாகலைங்க," என்றார் கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்த உஷியோதா நொபுஹிகோ. "தொமகிச்சி குடிபெயர்ந்துட்டான். இப்பதான் பதிவு பண்ணேன்."

"எந்தத் தொமகிச்சி?"

"நம்ம தொமகிச்சிதான். யானாகி பாலத்தடி."

ஹச்சியா பேனாவைத் திறந்த வேகத்தைப் பார்த்தபோதுதான் உஷியோதாவுக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. அதற்குள் ஆள் வாசலைத் தாண்டிவிட்டார்.

தொமகிச்சி ஒரு நீர்நாய். முப்பத்தாறு வருஷமாகச் சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குத் தொலைக்காட்சியில் வந்த கார்ட்டூன் நீர்நாய். கதைப்படி அவன் இருப்பிடம் மிசுகிதா ஆற்றுப் பாலத்தின் அடி. வேலை, ஊரார் விவகாரங்களில் மூக்கை நுழைப்பது. முன்பிருந்த ஒரு மேயர் ஆசை மிகுதியால் அவனைக் குடிமக்கள் பதிவேட்டிலேயே சேர்த்துவிட்டார். முகவரி: மூன்றாம் வட்டாரம், பூஜ்யம் எண், பாலத்தடி. குடும்பத் தலைவர்: தொமகிச்சி. குடும்ப உறுப்பினர்கள்: எவருமில்லை.

போன சனிக்கிழமை அந்தத் தொடர் முடிந்தது. கடைசிக் காட்சியில் தொமகிச்சி நீலத்துணி மூட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு, பாலத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, ஆற்றோடு கடல் பக்கம் நீந்திப் போய்விட்டான். நாடே அழுதது. உஷியோதாவும் அழுதார். பாதி அழுகையில் சட்டென்று நிறுத்தினார்.

"என்னங்க?" என்றாள் அவர் மனைவி சிஸூரு, மூக்கைத் துடைத்தபடி.

"ஊரை விட்டுப் போறவங்க பதினாலு நாளுக்குள்ள எழுதிக் குடுக்கணும். இவன் எழுதிக் குடுக்காமப் போறானே."

சிஸூரு அழுததற்குக் காரணம் வேறு. ரயில் நிலையத்தெருவில் அவளுக்கு ஒரு கடை உண்டு. இரும்பு அச்சில் மாவை ஊற்றி, சிவப்புப் பயறுப் பூரணம் வைத்து, தொமகிச்சி உருவத்தில் சுட்டு விற்கும் கடை. அந்த உருவத்தை வைத்துக்கொள்ளக் கார்ட்டூன் ஸ்டூடியோ தந்த அனுமதியில், 'தொடர் ஒளிபரப்பாகும் காலம் வரை' என்றுதான் இருக்கிறது. இனிமேல் தொமகிச்சியின் கதி என்ன? படமாக வருவானா, வேறு சேனலுக்குப் போவானா, வேறு ஊருக்குத்தான் போவானா? ஸ்டூடியோ வாயைத் திறக்கவில்லை. சிஸூருவின் கடை மட்டுமல்ல, மிசுகிதாவின் பேருந்து, ரயில் நிலையத்து மணி, சாக்கடை மூடிகூட நீர்நாய் முகத்தோடுதான் இருக்கிறது. அவன் போனால் ஊருக்கு முகமே இல்லை.

இவ்வளவும் தெரிந்த மனிதர்தான் திங்கட்கிழமை காலை முதல் வேலையாகப் படிவத்தை எடுத்து, ஊர் நீங்கும் சான்றிதழ் தயாரித்து, பிரிவுத் தலைவர் தோகாஷியின் மேஜையில் மற்ற நாற்பது தாள்களோடு சேர்த்து வைத்தார். அதிகாரியின் முத்திரைக்குத் தலைவணங்குவதுபோல் தன் முத்திரையை இடப்பக்கம் சாய்த்துக் குத்தவும் மறக்கவில்லை. தோகாஷி எதையும் படிக்கவில்லை, சாய்வு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தன் முத்திரையைக் குத்தினார்.

மதியத்துக்குள் செய்தி தீயாய்ப் பரவியது. 'தொமகிச்சியை ஊரிலிருந்து நீக்கியது நகராட்சி.'

"என்னய்யா பண்ணி வெச்சிருக்கே!" தோகாஷி செய்தித்தாளை மேஜையில் போட்டார். "ஸ்டூடியோக்காரங்க இவனை அடுத்து எங்கே வெச்சுக்கலாம்னு யோசிச்சிட்டிருக்கிற நேரத்துல, நாமளே கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிட்டோம்னு போட்டிருக்கான்!"

"நீங்களும் முத்திரை குத்தியிருக்கீங்களே சார்."

"நான் குத்தினதை நீ எதுக்குப் பாக்கறே?"

மறுநாளே கடலோர ஊர்களிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. 'தங்கள் முன்னாள் குடிமகன் கடல் பக்கம் வந்திருப்பதாக அறிகிறோம். எங்களிடம் நல்ல துறைமுகம் உண்டு. சான்றிதழை அனுப்பிவைத்தால் நாங்கள் பதிந்துகொள்கிறோம்.' ஆறு ஊர்கள். ஒரு ஊர் கடிதத்தோடு ஒரு பெட்டி கணவாய்க் கருவாடும் அனுப்பியிருந்தது. இன்னொரு ஊர் சிலைக்குப் பீடமே கட்டிவிட்டதாம்.

மேயர் இபுகா கருவாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு மூன்றாம் கவுன்ட்டருக்கே வந்துவிட்டார். கண்ணியமான மனிதர், கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும்.

"உஷியோதா-சான், புது ஊர்ல பதியறதுக்குப் பதினாலு நாள் கெடு, அதுக்குள்ள அவன் எந்த ஊர்லயும் பதிவாகக் கூடாது. ஏப்ரல் மாச இடமாற்றப் பட்டியல் இன்னும் என் மேஜையிலதான் இருக்கு. மலை மேல தண்ணீர்த்தொட்டிக் காவலுக்கு ஆள் வேணும்னு கேட்டுட்டிருக்காங்க."

மலைக்குப் போவதற்குக்கூட உஷியோதா பயப்படவில்லை. சாயங்காலம் சிஸூரு முகத்தில் விழிக்கத்தான் பயந்தார்.

எதிர்பார்த்தபடியே அவள் இரும்பு அச்சையும் அரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பண்றே?"

"காதை ராவப்போறேன். காதை எடுத்துட்டா உருளைக்கிழங்குன்னு விக்கலாம். புருஷன் நகராட்சியில இருக்கறப்போ பொண்டாட்டி வேற என்ன பண்ண முடியும்?"

"கொஞ்சம் பொறு, சிஸூரு. நான் சரிபண்ணிடறேன்."

"நீங்க சரிபண்ணதாலதான் இப்படி ஆயிருக்கு. இனிமே எதையும் சரிபண்ணாம வீட்ல இருங்களேன்."

அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஆனால் இருபத்தாறு வருஷமாகப் படிவங்களோடு வாழ்ந்தவர் உஷியோதா. எந்தச் சிக்கலுக்கும் ஒரு கட்டம் இருக்கும், அதில் ஒரு டிக் போட்டால் தீர்ந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. புதன்கிழமை காலை தேடிக் கண்டுபிடித்தார். 'சென்றடையும் ஊர்' என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்றொரு கட்டம் இருந்தது. அதில் டிக் போட்டால் எந்தக் கடலோர ஊராலும் சான்றிதழைக் கேட்க முடியாது. போட்டார். அன்று முழுவதும் நிம்மதியாக டீ குடித்தார்.

மாலை ஐந்து மணிக்கு, ஊர் முழுக்கக் கம்பங்களில் கட்டியிருக்கும் நகராட்சி ஒலிபெருக்கிகள் உறுமின. வழி தவறிப் போகும் முதியவர்களைப் பற்றி அறிவிக்கத்தான் வழக்கமாக அவை பேசும். பேரிடர்ப் பிரிவுப் பெண், கணினியில் 'சென்ற இடம் தெரியவில்லை' என்று வந்த பெயரை எப்போதும்போல் எடுத்து, எப்போதும்போல் கனிவான குரலில் வாசித்தாள்.

"ஓர் அறிவிப்பு. மூன்றாம் வட்டாரத்தில் வசித்துவந்த தொமகிச்சி என்பவரைக் காணவில்லை. வயது முப்பத்தாறு. உயரம் அறுபது சென்டிமீட்டர். பழுப்பு ரோமம். தலையில் நீலத்துணி மூட்டை. கண்டவர்கள் உடனடியாகத் தெரிவிக்கவும்."

இரவுச் சமையலை விட்டுவிட்டு ஊர் ஆற்றங்கரைக்கு ஓடியது. தன்னார்வத் தீயணைப்புப் படை டார்ச்சோடு கரையை அலசியது. பிள்ளைகள் தட்டுத்தட்டாக மீன் வைத்தார்கள். யானாகி பாலத்தின் மேல் நின்று இருநூறு பேர் "தொமகிச்சீ!" என்று கூப்பிட்டார்கள். அந்த மீனையெல்லாம் தின்ன ஊரிலிருந்த பூனை பூராவும் வந்து சேர்ந்தது. மறுநாள் தேசியத் தொலைக்காட்சியும் வந்து சேர்ந்தது.

"காணாமப் போனவனைக் கண்டுபிடிக்க ஒரே வழி," என்றார் தோகாஷி, தலையில் கை வைத்தபடி. "அவனே நேர்ல வந்து, 'நான் எங்கேயும் போகலை, பதிவை ரத்து பண்ணுங்க'ன்னு எழுதிக் குடுக்கணும்."

"ரத்துப் படிவத்துல விண்ணப்பதாரர் நேர்ல வரணும்னுதான் சார் இருக்கு. இல்லேன்னா குடும்ப உறுப்பினர். இவன் தனிக்கட்டை."

இருவரும் ஒரே நேரத்தில் சுற்றுலாப் பிரிவு அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே கோடைத் திருவிழாவுக்கு யாராவது மாட்டிக்கொள்ளும் தொமகிச்சி உடுப்பு தொங்கியது. ஐந்தடி மூன்றங்குலத்துக்கு மேலிருப்பவர் அதில் நுழைய முடியாது. அலுவலகத்தில் அந்த உயரத்துக்கு ஒரே ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, கேமராக்களுக்கு நடுவே, தொமகிச்சி நகராட்சி வாசலில் வந்திறங்கினான். ஊரே கைதட்டியது. டோக்கன் இயந்திரத்தைப் பாதத்தால் அழுத்தினான். நாற்பத்தேழு. வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டு நாற்காலியில் காத்திருந்தான். எண்கள் ஓடின. நாற்பத்தேழு என்று மணி அடித்தது. எழுந்து மூன்றாம் கவுன்ட்டருக்குப் போனான்.

கவுன்ட்டரில் யாருமில்லை.

எப்படி இருப்பார்? அந்தக் கவுன்ட்டரின் ஆள்தான் உடுப்புக்குள் வியர்த்து வழிந்துகொண்டிருந்தாரே. திட்டம் போட்ட இருவரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

இரண்டு நிமிடம் நீர்நாய் காலி நாற்காலியைப் பார்த்தபடி நின்றது. பிறகு வேறு வழியில்லாமல் பக்கவாட்டுக் கதவைச் சுற்றி உள்ளே போயிற்று. வால் கதவில் மாட்டியது, பிடுங்கிக்கொண்டது. உஷியோதாவின் நாற்காலியில் உட்கார்ந்தது. எதிரே யாருமில்லை. எழுந்து வெளியே வந்து படிவத்தை நீட்டியது. மறுபடி உள்ளே போய் அதை வாங்கிக்கொண்டது. இழுப்பறையில் முத்திரையைத் தேடக் குனிந்தபோது தலை மேஜையில் இடித்து அப்படியே நின்றுபோனது.

அதைத்தான் நாடு முழுக்கக் காட்டினார்கள். 'பிறந்த ஊரைப் பிரிய மனமின்றி நகராட்சி மேஜையில் தலைசாய்த்து அழுத தொமகிச்சி.'

"ரத்து ஆச்சா சார்?" உடுப்பின் தலையைக் கழற்ற முடியாமல், அதற்குள்ளிருந்தே கேட்டார் உஷியோதா.

தோகாஷி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விண்ணப்பிச்சவரும் வாங்கினவரும் ஒரே ஆள். செல்லாது. அதைவிடப் பெரிய கோளாறு ஒண்ணு இருக்கு. இந்த உடுப்பை ஸ்டூடியோ சம்மதம் இல்லாம வெளியே எடுக்கக் கூடாதாம், சுற்றுலாப் பிரிவு இப்பதான் சொல்லுது. மேயர் கூப்பிடறாரு. தலையைக் கழட்டிட்டுப் போ."

"கழல மாட்டேங்குது சார்."

"அப்ப அப்படியே போ. முகத்தைப் பாத்துத் திட்டற சங்கடம் அவருக்கும் இருக்காது."

மேயர் இபுகாவின் குரல் அன்று அனேகமாகக் கேட்கவேயில்லை. "திங்கட்கிழமை டோக்கியோ போங்க. மன்னிப்புக் கேளுங்க. அவங்க தொமகிச்சியை எங்கே அனுப்பப்போறாங்கன்னு மட்டும் நேரடியாக் கேட்டுராதீங்க, அநாகரிகம். ஜாடையாத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை இரவு சிஸூரு அரத்தை எடுத்து வைத்துவிட்டு, சுடச்சுட இருபது தொமகிச்சிகளைச் சுட்டுப் பெட்டியில் அடுக்கினாள். மன்னிப்புக் கேட்கப் போகிறவர் வெறுங்கையோடு போகலாகாது.

"கடைசி இருபதோ என்னமோ," என்றாள். பெட்டியை மூடினாள். "பதினெட்டு வருஷங்க. இந்த மூக்கை நான் எத்தனை லட்சம் தடவை திருப்பிப் போட்டிருப்பேன். அவங்க என்ன சொன்னாலும் சரி, போன் பண்ணுங்க."

உஷியோதாவுக்கு அழுகை வந்தது. இந்த முறை படிவம் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"கண்டிப்பாப் பண்றேன்," என்றார்.

ஸ்டூடியோ டோக்கியோவின் மேற்குக் கோடியில், ஒரு சலவைக் கடைக்கு மேலே இருந்தது. தலைவர் கெம்மோச்சி எழுபது வயது மனிதர். தொமகிச்சியை முதன்முதலில் வரைந்தவரும் அவரே. உஷியோதா அறைக்குள் நுழைந்ததும் இடுப்பை வளைத்து, தரையைப் பார்த்து, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார்.

"எங்க ஊரால உங்களுக்குப் பெரிய தொந்தரவு. மன்னிக்கணும்."

நிமிர்ந்து பார்த்தால் கெம்மோச்சி அவரைவிடத் தாழ்வாக வளைந்திருந்தார்.

"இல்லை, இல்லை. நாங்கதான் முப்பத்தாறு வருஷம் உங்க பாலத்தடியில உக்காந்துக்கிட்டுத் தொந்தரவு குடுத்திருக்கோம். மன்னிக்கணும்."

விருந்தாளி வீட்டுக்காரரைவிட நிமிர்ந்து நிற்பதாவது! உஷியோதா இன்னும் வளைந்தார். கெம்மோச்சியும் இன்னும் வளைந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஐந்து நிமிடம் பேசினார்கள்.

"உடுப்பை உங்களைக் கேக்காம எடுத்துட்டோம்."

"டிவியில பாத்தேன். நல்லா நடந்தான். வால் மட்டும் கொஞ்சம் சிரமப்பட்டுது."

"தொமகிச்சி… இனிமே… கடல் காத்து அவனுக்கு ஒத்துக்குமோ என்னமோ," என்றார் உஷியோதா, மேயர் சொன்ன ஜாடையாக.

 கெம்மோச்சி பெருமூச்சு விட்டார். "ஒத்துக்காது. ஆனா அது நம்ம கையில இல்லையே. இருபது பேர் இங்கே பென்சிலைச் சீவி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். நீங்க பாத்து எது சொன்னாலும் சரிதான்."

உஷியோதா இதை இப்படிப் புரிந்துகொண்டார்: எல்லாம் முடிந்துவிட்டது, பெரியவர் மரியாதைக்காக மழுப்புகிறார். 'நீங்க பாத்து' என்று ஒருவர் சொன்னால் அதற்கு இல்லை என்றுதான் அர்த்தம் என்பது மிசுகிதாவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். இனிமேல் ஒரு கேள்வி கேட்டாலும் அவர் மனதைப் புண்படுத்தியதாக ஆகும். சிஸூரு கொடுத்த பெட்டியை இரு கைகளாலும் நீட்டினார். கெம்மோச்சி பெட்டியைத் திறந்து வரிசையாகப் படுத்திருந்த தொமகிச்சிகளைப் பார்த்தார். கண் கலங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கும் உஷியோதா ஓர் அர்த்தம் கண்டுபிடித்தார்: பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை.

சிஸூருவுக்கு என்ன சொல்வது என்று யோசித்தபடி அவர் நிமிர்ந்தார். மேல்கோட்டைத் தேடினார். மேஜையில் தன் பெயர் அட்டையை மட்டும் வைத்துவிட்டு, கடைசி முறையாக இடுப்பை வளைத்தார். கெம்மோச்சியும் வளைந்தார்.

அந்த நேரத்தில்தான் ஸ்டூடியோவின் தபால்களைப் பிரித்து அடுக்கும் நடுத்தர வயதுப் பெண், டீ எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். வளைந்து நின்ற இரண்டு முதுகுகளுக்கும் நடுவே தட்டை வைத்தாள். பெயர் அட்டையை எட்டிப் பார்த்தாள். "அட, நீங்கதானா அது!" என்றபடி ஓடிப்போய், ஒரு கோப்பிலிருந்து நகராட்சி முத்திரை போட்ட ஒரு தாளை எடுத்து வந்து அவர் மூக்கின் கீழே நீட்டினாள்.

"'பாலத்துக்குப் பெயின்ட் அடிக்கற வேலை நடக்கறதால அடியில குடியிருக்கறவங்க தற்காலிகமா வேற இடம் பாத்துக்கணும், முடிஞ்சதும் தெரிவிக்கறோம்'னு போன வருஷம் தொமகிச்சி பேருக்கு எழுதினீங்களே உஷியோதா-சான், எப்ப முடியும்னு கேட்டு உங்களை அவசரப்படுத்தறது மரியாதை இல்லேன்னு எங்க ஐயா தொடரையே நிறுத்திட்டு உக்காந்திருக்காரு… பெயின்ட் காஞ்சிடுச்சா, இல்லையா?"